வீடியோ பார்க்காமல் வந்த மாணவி

செமஸ்டர் முடிவில் மாணவர்கள் பெயரில்லாமல் நிரப்பித் தரும் கருத்துப் படிவங்களில் நல்லதாக எழுதப்பட்டவை எதுவும் என் மனதில் தங்குவதில்லை. குறை சொல்லும் ஒரு வரிதான் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்ட ஒன்று இது: “மேடம் பாடம் நடத்துவதே இல்லை. வீட்டில் வீடியோ பார்க்கச் சொல்கிறார், வகுப்பில் எங்களையே பேச விடுகிறார். நாங்களாகத்தான் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.” நான் சொல்லித்தருவது நிகழ்தகவும் புள்ளியியலும். அந்த ஆண்டுதான் ஃபிளிப்டு கிளாஸ்ரூம் முறைக்கு முழுதாக மாறியிருந்தேன். விரிவுரை வீடியோவாக வீட்டுக்குப் போனது, கணக்கும் விவாதமும் வகுப்புக்கு வந்தன. சக ஆசிரியர் ஒருவரிடம் இந்த வரியைக் காட்டினேன். சிரித்துவிட்டு, “நாங்களாப் படிச்சோம்னு சொல்றாங்க இல்ல, அதுதானே நமக்கு வேணும்? பாராட்டா எடுத்துக்கோங்க” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்தக் குறையையும் பாராட்டாகத் திருப்பிப் போட்டுக்கொள்ள முடிகிற வாதத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அதை எழுதிய பிள்ளை நாள் முழுக்க வகுப்புகளில் உட்கார்ந்துவிட்டு, ராத்திரி என் வீடியோவைத் திறந்து, பாதியில் புரியாமல் நிறுத்தி, கேட்க ஆளில்லாமல் விழித்துக்கொண்டிருந்திருக்கும். அந்த எரிச்சலை எனக்குக் கிடைத்த சான்றிதழாக எப்படி எடுத்துக்கொள்வது?

அதனால் அந்த வரியை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் சுற்றினேன். இந்தக் கட்டுரையும் அந்தச் சுற்றல்தான்.

ஃபிளிப்டு கிளாஸ்ரூம் என்றதும் எல்லோரும் சொல்லும் கதை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வுட்லேண்ட் பார்க் என்ற ஊரின் பள்ளியில் நடந்தது. 2007-ல் ஜொனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடங்களைப் பதிவு செய்து போட ஆரம்பித்தார்கள். வந்த பிள்ளைகளும் அவற்றைப் பார்த்தார்கள். அப்படியானால் அதே பாடத்தை வகுப்பில் ஏன் திரும்பச் சொல்ல வேண்டும் என்று கேள்வி வந்தது. கல்லூரி அளவில் இது அதற்கும் முந்தியது. 2000-லேயே லேஜ், பிளாட், ட்ரெக்லியா என்ற மூன்று பொருளாதார ஆசிரியர்கள் வகுப்பறையைத் தலைகீழாக்குவது பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். எனக்கு இந்த இரண்டு கதைகளையும்விட ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூரின் கதைதான் பிடிக்கும், ஏனென்றால் அதில் வீடியோவே கிடையாது. நன்றாக நடத்துகிறார் என்று மாணவர்களிடம் பெயர் வாங்கியிருந்த ஆசிரியர் அவர். 1990 வாக்கில், விசை பற்றிய அடிப்படைக் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை மாணவர்களுக்கு வைத்தார். சூத்திரம் எதுவும் தேவைப்படாத, பார்த்தால் சிரிப்பு வருகிற அளவுக்கு எளிய கேள்விகள். ஒரு மாணவி கேட்டாள்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுத வேண்டுமா, இல்லை நான் வழக்கமாக நினைக்கிறபடியா? அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு எந்த ஆசிரியரும் பழைய மாதிரியே நடத்திக்கொண்டிருக்க முடியாது. மஸூர் பாடத்தைப் புத்தகத்தில் முன்கூட்டியே படித்துவரச் சொல்லிவிட்டு, வகுப்பில் ஒரு கேள்வியைப் போட்டு, ஒவ்வொருவரும் தனியாகப் பதில் தந்த பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டார். சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லும் கேள்வியில்தான் அந்த வாதம் சூடு பிடிக்கும் என்பது அவர் அனுபவம். அதற்குக் குறைந்தால் யாருக்கும் எதுவும் தெரியாமல் பேசுவார்கள், கூடினால் பேசவே ஒன்றும் இருக்காது.

இந்தக் கதை கல்லூரி நிர்வாகங்களுக்கு வந்து சேரும்போது வழியில் ஏதோ ஆகிவிடுகிறது. வந்து சேர்வது ஒரு சுற்றறிக்கை: ஒவ்வொரு பாடத்துக்கும், ஒவ்வொரு அலகுக்கும் இத்தனை வீடியோ. பதிவு அறை, மைக், பின்னால் பச்சைத் துணி, பதிவேற்றிய எண்ணிக்கைக்கு ஓர் அட்டவணை. எண்ணிவிடக்கூடிய பொருள் வீடியோதான் என்பதால் அதை எண்ணுகிறார்கள். வீடியோவால் காலியான அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் விஷயம் முழுக்க அந்த மணி நேரத்தில்தான் இருக்கிறது. 2015-ல் ஜென்சனும் சக ஆய்வாளர்களும் உயிரியல் வகுப்பொன்றில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு பிரிவிலும் மாணவர்கள் செய்யும் வேலை ஒன்றுதான். ஒரு பிரிவில் புதிய பாடத்தை முதலில் சந்திப்பது வீட்டில், இன்னொன்றில் வகுப்பில். இரண்டுக்கும் வித்தியாசம் வரவில்லை. பலன் வந்தால் அது மாணவர்கள் கையால் செய்து பார்ப்பதால் வருகிறது, தலைகீழாக்கியதால் மட்டும் வந்துவிடாது என்பது அவர்கள் சொன்னது. கையால் செய்வதன் பலனுக்கு ஆதாரம் நிறையவே இருக்கிறது. 2014-ல் ஃப்ரீமனும் மற்றவர்களும் அறிவியல், கணிதம், பொறியியல் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது, வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள், மாணவர்கள் ஈடுபட்டுச் செய்யும் வகுப்புகளில் 21.8 சதவீதம். அதனால் என் விஷயத்தில் கேள்வி, பழைய விரிவுரைக்குத் திரும்பலாமா என்பது இல்லை. வீட்டுக்கு நான் அனுப்பியது சரியான பொருள்தானா, சரியான நேரத்தில்தான் அனுப்பினேனா என்பதுதான்.

பார்த்ததாகச் சொல்லும் பட்டியல்

இந்த முறையை எடுத்த எல்லோரும் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. பாதி வகுப்பு வீடியோ பார்க்காமல் வந்து உட்காரும். கணினியில் எடுத்துப் பார்த்தால் பார்த்தவர் பட்டியலில் ஏறக்குறைய எல்லோர் பெயருக்கும் எதிரே 100 சதவீதம் என்று பச்சையாக இருக்கும். சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொரு பக்கத்தில் ஓட விட்டால் 100 சதவீதம் வந்துவிடும் என்பதைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படாது. இரட்டிப்பு வேகத்தில் ஓட விடுவதும் உண்டு, அதில் என் குரலைக் கேட்டால் எனக்கே என் மேல் கோபம் வரும்.

அப்போது ஆசிரியர் முன்னால் சில வழிகள். பத்து நிமிடம் சுருக்கமாகத் திரும்பச் சொல்லலாம். இதுதான் மிகவும் ஈர்க்கும் வழி, இதுதான் முறையைக் கொல்லும் வழியும். பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏமாந்தவர்கள் ஆகிறார்கள், அடுத்த வாரம் அவர்களும் பார்க்க மாட்டார்கள், அப்புறம் பத்து நிமிடம் இருபதாகும், வீடியோ அலங்காரமாகிவிடும். இரண்டாவது வழி, வகுப்பு ஆரம்பத்தில் சின்னத் தேர்வு வைத்து மதிப்பெண் போடுவது. இது வேலை செய்யும், ஆனால் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் காவல் நிலையத்தின் காற்று வீசும். மூன்றாவது, பார்க்காதவர்களைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பி, காதில் இயர்ஃபோன் மாட்டி, போனிலேயே பார்க்கச் சொல்லிவிட்டு, மற்றவர்களோடு கணக்கை ஆரம்பிப்பது. பலர் பரிந்துரைக்கும் வழி இது. தண்டனையும் இல்லை, பார்த்தவர்களுக்கு நஷ்டமும் இல்லை. நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

நிபந்தனை நிகழ்தகவும் (ஒன்று நடந்தது தெரிந்த பிறகு இன்னொன்றுக்கு இருக்கும் வாய்ப்பு) அதைக் கணக்கிடும் பேய்ஸ் தேற்றமும் வருகிற நாள். வீடியோவில் தேற்றத்தின் தருவிப்பும் இரண்டு எடுத்துக்காட்டுகளும் இருந்தன. வகுப்பில் நான் போட்ட கேள்வி புள்ளியியல் ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்ததுதான். ஒரு நோய் மக்களில் 1 சதவீதம் பேருக்கு இருக்கிறது. ஒரு சோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 9 சதவீதம் பேருக்கும் தப்பாக ‘பாசிட்டிவ்’ என்று காட்டும். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது. அவருக்கு நிஜமாகவே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? முதலில் தனியாக யோசித்து, தன் விடைக்கான நிற அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும், அப்புறம் குழுவில் பேச வேண்டும். அட்டைகள் பெரும்பாலும் 90 சதவீதத்தின் பக்கம் எழுந்தன. வீடியோவில் சூத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் அட்டைகளும்தான்.

ஒரு மாணவி எழுந்து, “நான் வீடியோ பார்க்கலை மேடம். போன்லயும் சார்ஜ் இல்லை” என்றாள். பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே பச்சை இல்லை. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. கடைசி பெஞ்சுக்கு அனுப்பினாலும் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்பதால், சரி, இந்தக் குழுவோடேயே உட்கார்ந்து கேட்டுக்கொள் என்று விட்டுவிட்டேன். குழுவில் மற்ற மூவரும் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஒருவன் சூத்திரத்தை நோட்டில் அழகாக எழுதிவைத்திருந்தான். எந்த எண் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதில்தான் மூவருக்கும் சண்டை. 0.9-ஐ மேலே போடலாமா கீழே போடலாமா என்று மாற்றி மாற்றிப் போட்டு ஒன்றுக்கு மேல் போகும் நிகழ்தகவெல்லாம் வந்துகொண்டிருந்தது.

நான் அந்தப் பக்கம் போய் நின்றபோது அவள் சொன்னது: “எனக்கு இந்த ஃபார்முலா தெரியாது. ஆயிரம் பேர்னு வச்சுக்கலாமா?” நோட்டின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள். ஆயிரம் பேரில் நோய் 10 பேருக்கு. அதில் சோதனை பிடிப்பது 9 பேரை. மிச்சம் 990 பேருக்கு நோய் இல்லை. அதில் 9 சதவீதம், அதாவது ஏறக்குறைய 89 பேருக்குத் தப்பாகப் பாசிட்டிவ் வரும். “மொத்தம் 98 பேருக்குப் பாசிட்டிவ். அதுல 9 பேருக்குத்தான் நிஜமாவே நோய்.” கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “அப்ப 10 சதவீதம்கூட இல்லையா?” என்றான் ஒருவன், நம்பாமல். இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார்கள். அப்புறம்தான் சூத்திரத்தை எழுதிவைத்திருந்தவன் அதைப் பார்த்துவிட்டு, அவளுடைய நோட்டைப் பார்த்துவிட்டு, “ஏய், இதுல கீழ இருக்கறது அந்த 98-தான்டா” என்றான்.

தேற்றத்தில் கோட்டுக்குக் கீழே இருக்கும் அந்த நீளமான கூட்டல், வீடியோவில் நான் மூன்று நிமிடம் விளக்கியது. அவன் அதைப் பார்த்திருக்கிறான், நோட்டில் எழுதியும் இருக்கிறான். அது என்னவென்று அவனுக்குத் தெரிந்தது இப்போதுதான், அதுவும் அந்த வீடியோவையே பார்க்காத ஒருத்தியின் ஓரக் கிறுக்கலிலிருந்து. அடுத்த வகுப்பில் அவள் வீடியோ பார்த்துவிட்டு வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். “ஈசியா இருந்துச்சு மேடம், நாம போட்ட கணக்குதானே” என்றாள். மற்றவர்கள் வழக்கமாக அந்த வீடியோதான் இருப்பதிலேயே கஷ்டம் என்பார்கள்.

வரிசை

ஒரு மாணவியை வைத்துக்கொண்டு ஒரு கொள்கையைக் கட்டக் கூடாது, புள்ளியியல் நடத்துகிறவள் அதைச் செய்யவே கூடாது. அவள் இயல்பிலேயே கெட்டிக்காரியாக இருக்கலாம். தவிர, எண்ணிக்கையாகப் போட்டுப் பார்த்தால் பேய்ஸ் கணக்கு எளிதாகிவிடும் என்பது தெரிந்த விஷயம்தான். கிகரென்சர், ஹோஃப்ராகே இருவரும் 1995-லேயே, சதவீதத்துக்குப் பதில் “இத்தனை பேரில் இத்தனை பேர்” என்று கேள்வியை மாற்றிக் கேட்டால், எதுவும் சொல்லித்தராமலே சரியான விடை தருகிறவர்கள் கணிசமாகக் கூடுகிறார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். என்னைத் தொந்தரவு செய்தது அது இல்லை. அந்த வீடியோ இரண்டு பேருக்கு இரண்டு விதமாக வேலை செய்திருந்தது. கேள்வியோடு மல்லுக்கட்டிவிட்டுப் பார்த்தவளுக்கு அது விடை. கேள்வியே தெரியாமல் பார்த்தவனுக்கு அது எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு சூத்திரம்.

அப்படியென்றால் வீடியோ முதலில், கேள்வி அப்புறம் என்று எல்லோரும் வேதமாகச் சொல்லும் வரிசை எங்கிருந்து வந்தது? தேடிப் பார்த்தால் அதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பழைய வகுப்பில் விரிவுரை முதலில், வீட்டுப்பாடம் அப்புறம். இடத்தை மாற்றினார்கள், வரிசையை மாற்றவில்லை. சொல்லித்தருவது முன்னால், செய்து பார்ப்பது பின்னால் என்பது அப்படியே நிற்கிறது. தலைகீழ் என்று பெயர் வைத்துவிட்டு அடிப்படையானதைத் தொடாமலே விட்டிருக்கிறோம்.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள், ஃபிளிப்டு கிளாஸ்ரூம் கூட்டங்களில் அவர்கள் பெயர் அதிகம் அடிபடுவதில்லை, அவ்வளவுதான். ஷ்வார்ட்ஸ், பிரான்ஸ்ஃபோர்டு இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் பாடத்தைப் படித்துச் சுருக்கம் எழுதிவிட்டு விரிவுரை கேட்டார்கள். இன்னொரு பிரிவினர் சோதனைத் தரவுகளை வைத்துக்கொண்டு அவற்றுக்குள் என்ன வேறுபாடு என்று தாங்களாகத் தேடிவிட்டு அதே விரிவுரையைக் கேட்டார்கள். புதிய சூழலில் என்ன நடக்கும் என்று கணிக்கச் சொன்னபோது தேடிவிட்டு வந்தவர்கள் நன்றாக முந்தினார்கள். மனு கபூர் என்ற ஆய்வாளர் இதையே இன்னும் துணிச்சலாகச் செய்தார். மூன்று கால்பந்து வீரர்கள் ஒவ்வோர் ஆண்டும் அடித்த கோல்களின் எண்ணிக்கையைக் கொடுத்து, இவர்களில் யார் ஆட்டம் சீரானது என்று சொல்ல ஓர் அளவு கண்டுபிடியுங்கள் என்று பள்ளி மாணவர்களிடம் விட்டார். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று அளக்கும் திட்டவிலக்கம் என்ற பெயரையே அவர்கள் கேட்டதில்லை. விதவிதமாக முயல்வார்கள், பெரும்பாலும் சரியான சூத்திரத்தை எட்ட மாட்டார்கள். அப்புறம்தான் பாடம். நேராகப் பாடம் கேட்டவர்களோடு ஒப்பிட்டால், கணக்குப் போடுவதில் இருவரும் சமம், ஏன் அப்படிப் போடுகிறோம் என்று புரிந்துகொள்வதில் முட்டிமோதியவர்கள் மேல். நான் ஆண்டுதோறும் திட்டவிலக்கம் நடத்துகிறேன். விலகலை ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்று மாணவர்கள் கேட்பதே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். கேள்வி எழுவதற்கு முன்னாலேயே பதில் போய்ச் சேர்ந்துவிடுகிறது, யார் கேட்பார்கள்?

அதனால் இப்போது என் வாரம் வேறு மாதிரி ஓடுகிறது. வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடம் அடுத்த பாடத்தின் கேள்விக்கு. பாடத்தின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டேன். கோல் எண்ணிக்கை மாதிரி ஏதாவது ஒன்று, எட்டாத ஆனால் தொட முடிகிற தூரத்தில். குழுவாகப் போட்டுப் பார்த்து, எங்கே நின்றார்களோ அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். விடை தெரியாமல் போவது முதலில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, “சொல்லிட்டுப் போங்க மேடம்” என்று வாசல் வரை வருவார்கள். அன்று இரவு பார்க்கும் வீடியோ, அதே கேள்வியிலிருந்து ஆரம்பிக்கும். “நீங்கள் இப்படி முயன்றிருப்பீர்கள், அது இங்கே உடைகிறது” என்று. நீளம் ஆறு ஏழு நிமிடத்தைத் தாண்டாது. இணையவழிப் பாட வீடியோக்களை மாணவர்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்த குவோவும் மற்றவர்களும் 2014-ல் சொன்னதும் ஏறக்குறைய அதே ஆறு நிமிடக் கணக்குதான், அதற்கு மேல் எவ்வளவு நீளமாகப் போட்டாலும் பார்க்கிற நேரம் கூடுவதில்லை. வீடியோ முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும்: எங்கே தடுக்கியது? காலையில் வகுப்புக்குப் போகும் முன் அவற்றைப் படித்துவிடுவேன். அன்றைய வகுப்பின் கேள்வி பெரும்பாலும் அந்த வரிகளிலிருந்துதான் பிறக்கிறது. நான் தயாரித்து வைத்திருந்ததைத் தூக்கிப் போட்ட நாட்கள் நிறைய.

இதில் எதிர்பாராமல் திரும்பி வந்தது விரிவுரை. குழுக்கள் முட்டி மோதி நிற்கும்போது, பத்து நிமிடம் பலகைக்குப் போய் நின்று பேசுவேன். அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கும் அமைதி, முன்பு ஒரு மணி நேரம் நடத்தியபோது எனக்குக் கிடைத்ததே இல்லை. விரிவுரையை எதிரியாகப் பேசும் ஃபிளிப்டு பிரசாரம் எனக்கு ஒத்துவராது. கேட்கத் தயாராகாத காதில் போய் விழுவதுதான் அதன் குறை, வீடியோவில் போட்டு அனுப்பினாலும் அதே குறைதான்.

வீடியோ பார்க்காமல் வருகிறவர்கள் இப்போதும் உண்டு. ஆனால் அவர்கள் கையில் முந்தைய நாளின் கேள்வி இருக்கிறது, அதனால் குழுவில் உட்கார்ந்து பேச ஏதோ ஒன்று இருக்கிறது. பார்க்காதவர்கள் வேறு, பார்த்தவர்கள் வேறு என்று வகுப்பு இரண்டாக உடைவதில்லை. கடைசி பெஞ்ச் ஏற்பாட்டை நிறுத்திவிட்டேன்.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வட்ட மேசையும் சுழல் நாற்காலியும் இருக்கும். தரையில் அறையப்பட்ட பெஞ்சில் முன்வரிசை திரும்பி உட்கார்ந்தால் நான்கு பேர் குழு ஆகிவிடும். மாணவர்கள் விடையை அழுத்திச் சொல்லும் மின்னணுக் கருவி வேண்டியதில்லை, நான்கு நிற அட்டை போதும். சத்தம் வரும், பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வருவார்கள். அதற்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை.

அந்த வரியும் நானும்

“மேடம் பாடம் நடத்துவதே இல்லை” என்பதற்கு 2019-ல் வந்த ஓர் ஆய்வில் கச்சிதமான பதில் இருக்கிறது. டெலோரியேவும் மற்றவர்களும் ஹார்வர்டின் அறிமுக நிலை இயற்பியல் வகுப்புகளில் செய்தது. அதே பாடம், அதே குறிப்புத் தாள்கள். ஒரு பிரிவுக்கு மெருகான விரிவுரை, இன்னொன்றுக்குக் குழுவாகக் கணக்குப் போடும் வகுப்பு. தேர்வில் இரண்டாம் பிரிவு கூடுதலாக வாங்கியது. எவ்வளவு கற்றோம் என்று தோன்றுகிறது என்று கேட்டதற்கு, முதல் பிரிவுதான் நிறையக் கற்றதாகச் சொன்னது. சரளமான விரிவுரை, நமக்கே எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி ஓர் உணர்வைத் தருகிறது, தடுமாறிக் கற்பது கற்காத மாதிரி தோன்றுகிறது. இந்தக் கட்டுரையை அச்செடுத்து அறைக் கதவில் ஒட்டிவிட்டால் எந்தக் குறையையும் சமாளித்துவிடலாம். எனக்கும் அந்த ஆசை வந்தது. செமஸ்டர் ஆரம்பத்திலேயே மாணவர்களிடம் இந்த ஆய்வைச் சொல்லிவிடுகிறேன், அது நியாயம். ஆனால் அவர்கள் சொல்லும் ஒவ்வொரு குறைக்கும் “உனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்” என்று பதில் சொல்ல அதைப் பயன்படுத்துவது அநியாயம்.

ஏனென்றால் அந்த வரியில் தோன்றல் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. ஒரு மாணவருக்கு ஆறு பாடங்கள். ஆறு ஆசிரியர்களும் நாளுக்கு இருபது நிமிட வீடியோ போட்டால் இரண்டு மணி நேரம், நிறுத்தி எழுதிக்கொண்டு பார்த்தால் மூன்று. பழைய வீட்டுப்பாடம் எதுவும் குறைக்கப்படவில்லை. ஆசிரியர் தன் நேரத்தை வகுப்பில் மிச்சப்படுத்தி, மாணவரின் இரவில் செலவழிக்கிறார். ஒரு துறையில் எல்லோரும் ஒரே ஆண்டில் இதற்கு மாறுவதை இதனால்தான் நான் எதிர்க்கிறேன். வீடியோ போடுகிறவர்கள் அதே அளவு வீட்டுப்பாடத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் போடக் கூடாது.

இரவு நேரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதும் இருக்கிறது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் வகுப்புகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஃபிளிப்டு முறையைச் சோதித்தார்கள், இந்தத் துறையில் அபூர்வமான ஆய்வு அது. கணிதத்தில் முதலில் கொஞ்சம் முன்னேற்றம், பொருளாதாரத்தில் ஒன்றும் இல்லை, நீண்ட காலத்தில் சராசரியாக எந்தப் பலனும் நிற்கவில்லை. நின்றது ஒன்றுதான். ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தூரம் கூடியிருந்தது. மாணவர்கள் எல்லோரும் ஒரே வளாகத்தில் தங்கி, ஒரே ஒழுங்கில் வாழும் இடத்திலேயே இப்படி. வேலைக்குப் போய்விட்டு வருகிற, தங்கையோடு ஒரு போனைப் பங்கு போட்டுக்கொள்கிற மாணவருக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கலாம். என் வீடியோக்களைக் குறுக்கியதற்கும், அவற்றோடு ஒரு பக்க அச்சுக் குறிப்பு கொடுப்பதற்கும் காரணம் இதுதான். குறிப்பைப் படித்துவிட்டு வந்தாலும் போதும். மஸூர் செய்ததும் அதுதானே, புத்தகத்தைப் படித்துவரச் சொன்னார்.

வீடியோ முதலில் வருவதே சரி என்கிற இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் கருவியைத் தொடுவதற்கு முன் எப்படி இயக்குவது என்று பார்த்துவிட்டு வருவது, மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது, இதிலெல்லாம் முட்டி மோதிக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, கருவி உடைவதுதான் மிச்சம். என் துறையிலேயே குறியீடுகள், வரையறைகள் அந்த வகை. நான் வரிசையை மாற்றச் சொல்வது ‘ஏன்’ என்ற கேள்வி இருக்கிற பாடங்களுக்கு.

இவ்வளவும் செய்த பிறகும் அந்தப் படிவத்தில் அதே மாதிரி வரிகள் வருகின்றன, கொஞ்சம் குறைவாக. இப்போது வருகிறவற்றில் பெரும்பாலானவை வேறொன்றைச் சொல்கின்றன: வகுப்பில் செய்வது தேர்வில் வருவதில்லை. இது உண்மை. எங்கள் வினாத்தாள் இன்னும் “பேய்ஸ் தேற்றத்தைக் கூறி நிறுவுக” என்றுதான் கேட்கிறது. அதற்கு என் வகுப்பைவிட ஒரு நல்ல கையேடும் இரண்டு இரவு மனப்பாடமும்தான் உதவும். வினாத்தாள் குழுவில் பேசிப் பேசி, ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி மட்டும் மாற்ற முடிந்தது: சோதனையில் பாசிட்டிவ் வந்து பயந்திருக்கும் ஒருவருக்கு, சூத்திரம் எதுவும் எழுதாமல், அந்த முடிவின் பொருளை விளக்குங்கள். கட்டாயக் கேள்வி இல்லை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், இன்னொன்று நிறுவுகதான். நிறுவுகவை எடுத்தவர்கள்தான் அதிகம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், உறுதியான மதிப்பெண் அங்கேதான். அடுத்த கூட்டத்தில் அந்த ‘அல்லது’வை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். திருத்துவதற்கு நேரம் அதிகமாகும் என்று இப்போதே மறுப்பு வந்துவிட்டது.